கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டகை மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், காற்றுப்போன டயர்களோடு ஒரு இரண்டு சீட் வண்டி உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. பிரிட்டிஷ் வண்டி போலத்தான் இருக்கிறது, ஆனால் எந்த மாடல், எந்த வருடம் என்று பிடிபடவில்லை. அப்படி வண்டியைக் கண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1980 வரை வந்த வண்டிகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறேன். தற்செயலாகக் கிடைப்பவை அநேகமாக அந்தக் காலத்து வண்டிகள்தான்.

பார்த்தவுடன் முதலில் என்ன செய்வது?

கையை வைக்காமல் இருப்பது. கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், உள்ளே கிடக்கும் குப்பையை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். கிடக்கும் நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடத் தூசிக்கு அடியில் காகித லேபிள், விற்ற கடையின் ஸ்டிக்கர், சாக்பீஸ் குறி எல்லாம் இருக்கும். தண்ணீர் பட்டால் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

அப்புறம் சீட்டுக்கு அடியில், கதவுப் பையில், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தேடுங்கள். பிரிட்டனில் ஓடிய வண்டி என்றால் கண்ணாடியின் ஓரத்தில் வட்டமான வரிச்சீட்டு ஒட்டியிருக்கலாம். 2014 வரை அங்கே அந்தக் காகித வில்லை இருந்தது. அதில் பதிவு எண்ணும் காலாவதி மாதமும் எழுதியிருக்கும். வண்டி கடைசியாக எப்போது ரோட்டில் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சுற்றுப்புறத்தில் கிடக்கும் தகரத்துண்டு, பெட்டி, பல்பு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வண்டியிலிருந்து கழற்றிய பாகங்கள் பாதி நேரம் அதே கொட்டகையில்தான் இருக்கும்.

முன்னால் 'எம்.ஜி.' என்று எண்கோண பேட்ஜ் இருக்கிறது. அது போதாதா?

போதாது. பேட்ஜ் என்பது இரண்டு திருகாணி விஷயம். சக்கரம், ஸ்டியரிங், கிரில், பம்பர் எல்லாமே ஐம்பது வருடத்தில் நாலு கை மாறியிருக்கும். எளிதில் கழற்றி மாட்ட முடியாததைத்தான் நம்ப வேண்டும்: பாடியின் வடிவம், சேஸிஸ் (அடிச்சட்டம்) எப்படிப்பட்டது, தகட்டிலோ இரும்பிலோ அடித்த எண்.

ஓர் உதாரணம். எம்.ஜி.ஏ. மாடலில் 'ட்வின் கேம்' என்று ஒரு வகை 1958 முதல் 1960 வரை வந்தது. மொத்தம் 2,111 வண்டிகள்தான். அதற்கென்றே நடுவில் ஒற்றை நட்டால் இறுக்கும் டன்லப் டிஸ்க் சக்கரங்கள் உண்டு. அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ட்வின் கேம் நின்ற பிறகு அதே சக்கரங்களைப் போட்டு சாதாரண எஞ்சினுடன் 'டீலக்ஸ்' என்று சில வண்டிகளை விற்றார்கள். பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

எந்தப் பெயரும் இல்லை. உருவத்தை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது?

பாடியோடு ஒட்டாமல் தனியாக வளைந்து இறங்கும் முன் மட்கார்டு, நிமிர்ந்த ரேடியேட்டர், பின்னால் வெளியே தொங்கும் ஸ்டெப்னி என்றால் எம்.ஜி. 'டி' வரிசையாக இருக்க வாய்ப்பு அதிகம். 1945 முதல் 1949 வரை வந்த டி.சி.யில் 19 அங்குல ஒல்லிக் கம்பிச் சக்கரம், ஸ்டியரிங் எப்போதும் வலது பக்கம். அமெரிக்காவுக்குப் போனதும் வலது பக்கம்தான். 1950இல் வந்த டி.டி.யில் சக்கரம் சிறிதாகி 15 அங்குலமானது, முறையான பம்பர் வந்தது. 1953இல் வந்த டி.எஃப்.பில் ஹெட்லைட் மட்கார்டோடு சேர்ந்துவிட்டது. இதே பழைய பாணியில், ஆனால் இன்றுவரை உற்பத்தியில் இருக்கும் மார்கன் வண்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்து மார்கனின் முன்சக்கரம் ஒரு நெட்டுக்குத்தான தூணில் மேலும் கீழும் நழுவும். குனிந்து பார்த்தால் தெரியும்.

ஹெட்லைட் இரண்டும் பானெட்டின் மேல் தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், 1958 முதல் 1961 வரை வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டின் முதல் மாடல். அதற்கு டிக்கி மூடியே கிடையாது, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத்தான் சாமான் எடுக்க வேண்டும். கதவுக்கு வெளிக் கைப்பிடியும் இல்லை. 1961இல் அதைச் சதுரமாக்கி, எம்.ஜி. மிட்ஜெட் என்று ஓர் இரட்டையையும் சேர்த்து விற்றார்கள். அந்தக் காலத்து ஸ்ப்ரைட்டையும் மிட்ஜெட்டையும் பத்தடி தூரத்தில் நின்று பிரித்துச் சொல்ல முடிந்தால் நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மட்கார்டு, ஹெட்லைட் உட்பட முன்பாகம் மொத்தமும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கிறதா? டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்று நினைக்கலாம். கூரை இறுக்கமாக மூடிய கூப்பேயாக, பானெட்டில் மேடு இருந்தால் அதன் ஆறு சிலிண்டர் உறவான ஜி.டி.6. ஜாகுவார் ஈ-டைப்பும் இப்படித்தான் திறக்கும். ஆனால் அதன் மூக்கின் நீளத்தைப் பார்த்தவர் வேறு வண்டி என்று சொல்ல மாட்டார்.

டிரையம்ப் டி.ஆர். வரிசையில் முதல் மூன்றுக்கும் கதவின் மேல்விளிம்பு முழங்கை வைக்கத் தோதாகத் தாழ்ந்து வளைந்திருக்கும். மூக்கில் குழி போல உள்ளே தள்ளிய சின்ன வாய் என்றால் டி.ஆர்.2, அந்த வாய்க்குக் கட்டம் கட்டமான கிரில் போட்டால் டி.ஆர்.3, வாய் அகலமாகி வெளிக் கைப்பிடியும் வந்தால் டி.ஆர்.3ஏ. 1961இல் வந்த டி.ஆர்.4 இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்தது. டி.ஆர்.6 ஜெர்மனியின் கார்மன் நிறுவனம் முன்னும் பின்னும் வெட்டித் தைத்தது. டி.ஆர்.7 ஆப்பு வடிவம், மடங்கி எழும் ஹெட்லைட்.

பின்பக்கம் கூர்மையான துடுப்பு எழுந்திருந்தால் சன்பீம் ஆல்பைன். துடுப்பு உயரமாக இருந்தால் 1964க்கு முந்தியது, வெட்டியது போலக் குட்டையாக இருந்தால் பிந்தியது.

இத்தனையும் சொன்னாலும், நீங்கள் கண்டது எம்.ஜி.பி.யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதற்குத் தனிச் சேஸிஸ் இல்லை, பாடியே சேஸிஸ். வெளியே இழுக்கும் கைப்பிடி என்றால் 1965க்கு முந்தியது. குரோம் பம்பர் 1974 வரை. பிறகு அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியையும் சுமார் ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள். பானெட்டில் பெரிய மேடும், 14க்குப் பதில் 15 அங்குலச் சக்கரமும் இருந்தால் நிதானமாகப் பாருங்கள். அது 1967 முதல் 1969 வரை மட்டும் வந்த ஆறு சிலிண்டர் எம்.ஜி.சி.யாக இருக்கலாம்.

காந்தம் கொண்டு போகச் சொல்கிறார்களே, எதற்கு?

துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வண்டி முழுக்க எங்கேயும் ஒட்டவில்லை, விரலால் தட்டினால் மந்தமாக ஒலிக்கிறது என்றால் ஃபைபர் கிளாஸ் பாடி: லோட்டஸ் எலான், லோட்டஸ் எலீட், டி.வி.ஆர்., அல்லது எட்டு சிலிண்டர் டெய்ம்லர் எஸ்.பி.250. சில இடத்தில் ஒட்டி, சில இடத்தில் ஒட்டாமல் இருந்தால் இன்னும் சுவாரஸ்யம். எம்.ஜி.ஏ.வில் கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றின் மேல்தோலும் அலுமினியம், மற்றது இரும்பு, தரை ஒட்டுப்பலகை. பெரிய ஆஸ்டின்-ஹீலியில் (100, 100-6, 3000 மாடல்கள்) மட்கார்டு நான்கும் இரும்பு. ஆனால் முன்னும் பின்னும் அவற்றுக்கு நடுவே வரும் பெரிய தகடு அலுமினியம். இரண்டு உலோகமும் சேரும் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

ஜாகுவார் எக்ஸ்.கே.120 என்று நினைத்த வண்டியின் மட்கார்டில் காந்தம் ஒட்டவில்லை என்றால் நாற்காலி போட்டு உட்காருங்கள். முதல் 240 சொச்சம் வண்டிகளுக்கு மட்டும்தான் மரச்சட்டத்தின் மேல் அலுமினிய பாடி போட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை: கதவுக்குக் கீழே, சக்கர வளைவில் காந்தம் நழுவினால் அது அலுமினியம் இல்லை, துருவின் மேல் கனமாகப் பூசிய பட்டி.

வண்டி எண் எங்கே இருக்கும்? அதை எப்படிப் படிப்பது?

பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகரத்திலும் பக்கத்து உள் மட்கார்டிலும் சிறிய உலோகத் தகட்டைத் தேடுங்கள். எம்.ஜி. டி வரிசையில் சேஸிஸின் முன் நுனியிலேயே எண்ணை அடித்திருப்பார்கள். 1969 முதல் அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி டேஷ்போர்டின் மேலும் எண் இருக்க வேண்டும்.

எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகள்தான் முக்கியம். 'ஜி.எச்.என்.5' என்று இருந்தால் ஜி என்பது எம்.ஜி., எச் என்பது 1400 முதல் 1999 சிசி வரையான எஞ்சின், என் என்பது திறந்த இரண்டு சீட் பாடி. ஆக அது எம்.ஜி.பி. கூரையுள்ள ஜி.டி. என்றால் என்னுக்குப் பதில் 'டி' வரும். கடைசி எண் 3 என்றால் முதல் வரிசை, 4 என்றால் 1967 கடைசியில் வந்த இரண்டாம் வரிசை, 5 என்றால் 1970 மாடல் முதல். அதன் பிறகு 'யு.ஈ.' என்று இரண்டு எழுத்து தொடர்ந்தால் யு அமெரிக்காவைக் குறிக்கும். அடுத்தது மாடல் வருடம்: ஏ 1970, பி 1971 என்று போய், ஐ-யை மட்டும் விட்டுவிட்டு, எல் 1980இல் முடியும். 'ஈ' என்றால் 1974. மிட்ஜெட் 'ஜி.ஏ.என்.', இரட்டையான ஸ்ப்ரைட் 'எச்.ஏ.என்.' என்று தொடங்கும்.

பெரிய ஹீலிக்குத் தகட்டின் எழுத்தே மாடல் பெயர். பி.என்.1, பி.என்.2 இரண்டும் நாலு சிலிண்டர் 100. பி.என்.4, பி.என்.6 ஆறு சிலிண்டர் 100-6. பி.என்.7, பி.டி.7, பி.ஜே.7, பி.ஜே.8 நான்கும் 3000. டிரையம்ப் தகட்டில் டி.ஆர்.2, 3, 3ஏ மூன்றுக்கும் 'டி.எஸ்.' என்றே வரும், எண்ணை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஸ்பிட்ஃபயர் எஃப் என்றும், ஜி.டி.6 கே என்றும் தொடங்கும்.

எம்.ஜி. டி வரிசை எண்கள் 1இல் தொடங்காமல் 0251இல் தொடங்கும். எம்.ஜி.யின் ஆபிங்டன் தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர் 251. ஆகவே 0300 என்று பார்த்து 'முந்நூறாவது வண்டி' என்று சொல்லாதீர்கள், அது ஐம்பதாவது.

தகடே காணோம். இனி என்ன வழி?

வழி நிறைய இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். லூகாஸ் நிறுவனத்தின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், வைப்பர் மோட்டார் இவற்றின் உடம்பில் தயாரித்த தேதியை எண்ணாகவே அடித்திருப்பார்கள். '11 63' என்றால் 63 என்பது 1963, முன்னால் உள்ள 11 மாதமாகவோ வாரமாகவோ இருக்கலாம். பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, வைப்பர் மோட்டாரின் மேல் அழுக்கை மெல்லத் தேய்த்தால் எண்கள் எழும்பும். வைப்பர் மோட்டாரைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். டைனமோவும் ஸ்டார்ட்டரும் அடிக்கடி மாற்றப்படும் சாமான்கள், வைப்பர் மோட்டாரை யாரும் சீந்துவதில்லை.

ஒரே ஒரு பாகத்தின் தேதியை வைத்து முடிவு கட்டக்கூடாது. நாலைந்து பாகத்தைப் பாருங்கள். மூன்று பாகம் 1963 கடைசி என்றும் ஒன்று 1971 என்றும் சொன்னால், வண்டி 1963 கடைசியிலோ 1964 தொடக்கத்திலோ வந்தது, அந்த ஒன்று பிறகு மாற்றியது என்று கொள்ளலாம்.

ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரையில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். வருடத்தின் கடைசி இலக்கத்தை அவை சொல்லும். எந்தப் பத்தாண்டு என்பதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். எஸ்.யு. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ண மூடியில் 'ஏ.யு.சி.' அல்லது 'ஏ.யு.டி.' என்று தொடங்கும் எண்ணுள்ள தகடு மாட்டியிருந்தால், அது எந்த மாடலுக்கான கார்புரேட்டர் என்று பட்டியலில் பார்த்துவிடலாம். ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர் முகப்பின் பொடி எழுத்திலும் ஒரு மாடல் எண் இருக்கும்.

எஞ்சின் எண் தகட்டோடு ஒத்துப்போகவில்லை. திருட்டு வண்டியா?

அப்படி உடனே சந்தேகப்பட வேண்டாம். இந்த வண்டிகளுக்கு எஞ்சின் மாற்றுவது சகஜம், நிறுவனமே புதுப்பித்த எஞ்சினை வேறு எண்ணோடு கொடுத்தது. இருந்தாலும் எஞ்சின் எண் தகவல் தரும். எம்.ஜி.பி.யில் '18ஜி', '18ஜிஏ' என்றால் மூன்று பேரிங் கொண்ட பழைய எஞ்சின், '18ஜிபி' என்றால் 1964 அக்டோபரில் வந்த ஐந்து பேரிங், '18வி' என்றால் 1970களுடையது. ஜாகுவாரில் எஞ்சின் எண்ணைச் சிலிண்டர் ஹெட்டிலும் அடித்திருப்பார்கள். கடைசியில் வரும் 7, 8, 9 எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம். தகட்டிலோ இரும்பிலோ எண்ணை ராவி எடுத்த தடம் தெரிந்தால் மட்டும் விலகி நில்லுங்கள்.

என் ஸ்பானர் எதுவும் போல்ட்டில் பிடிக்கவில்லை. ஏன்?

பழைய வண்டி என்றால் போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவில் இருக்கும், அதற்குத் தனி ஸ்பானர் வேண்டும். எம்.ஜி. டி.சி., டி.டி. எஞ்சின் இன்னும் விசித்திரம்: போல்ட்டின் தலை விட்வொர்த், மரை மெட்ரிக். கோவென்ட்ரியில் எஞ்சின் செய்த ஆலை முன்பு பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனத்துடையது. அந்த இயந்திரங்களோடு மெட்ரிக் மரையும் ஒட்டிக்கொண்டது. தலையின் அளவைப் பார்த்து வேறு போல்ட்டை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும்.

கிடைத்தது நிஜ வண்டிதானா? போலியாக இருக்குமா?

இருக்கும். '1952 எம்.ஜி. டி.டி.' என்று சொல்லப்படும் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தால் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சின் பல் இளிக்கும். ஃபைபர் கிளாஸ் கிட் வாங்கி வீட்டிலேயே பூட்டியவை அவை, காந்தம் ஒரு நொடியில் காட்டிக் கொடுத்துவிடும். ஏ.சி. கோப்ரா போலத் தெரியும் வண்டி அநேகமாக நகல்தான், நகலாகவே வைத்துப் பேசத் தொடங்குங்கள். சன்பீம் டைகர் கொஞ்சம் சிக்கல். ஆல்பைன் பாடியில் ஃபோர்டு எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்ததுதான் டைகர் என்பதால், ஆல்பைனை எடுத்து அதே வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். முதல் டைகர்களின் எண் 'பி947' என்று தொடங்கும். தகடு மட்டும் இருந்தால் போதாது, பாடியின் வெல்டிங் அடையாளங்களைப் பார்க்கத் தெரிந்த டைகர் சங்கத்துக்காரர் ஒருவர் நேரில் வர வேண்டும்.

தொழிற்சாலையின் பழைய பதிவேட்டைப் பார்க்க முடியுமா?

பல மாடல்களுக்கு முடியும். இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி ஆகியவற்றின் பதிவேடுகளை வைத்திருக்கிறது. கட்டணம் கட்டி சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் 'ஹெரிட்டேஜ் சர்டிஃபிகேட்' தருவார்கள். தயாரித்த தேதி, அசல் எஞ்சின் எண், பெயிண்ட் நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். ஜாகுவாருக்குத் தனி அறக்கட்டளை இருக்கிறது. சர்டிஃபிகேட்டில் வரும் நிறத்தை டேஷ்போர்டுக்கு அடியிலும் கதவின் உள்பலகைக்குப் பின்னாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். மறுபடி பெயிண்ட் அடிப்பவர்கள் அங்கெல்லாம் போக மாட்டார்கள்.

பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். 1960களின் நடுப்பகுதி வரை இவற்றில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணையும். பழக்கதோஷத்தில் நெகட்டிவை பாடியில் மாட்டினால் சேதம்தான். பெட்ரோல் டேங்கில் இருப்பது இந்நேரம் வார்னிஷ் ஆகியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கலாம். சுற்றவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள்.

துரு எவ்வளவு இருந்தால் விட்டுவிடலாம்?

அது மாடலைப் பொறுத்தது. எம்.ஜி.பி.யில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியைத் தாங்குகிறது. கதவைத் திறந்து மூடும்போது மேல் இடைவெளி குறுகி உரசினால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அப்படி இருந்தும் வழி உண்டு, 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் அசல் அச்சுகளிலேயே புது பாடி செய்து விற்கிறது. டி.ஆர்.6இல் பாடியைவிட டிஃபரன்ஷியலைத் தாங்கும் கொண்டிகள் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் கிளாஸ் பாடி துருப்பிடிக்காது என்பது உண்மைதான், உள்ளே மறைந்திருக்கும் சேஸிஸ் துருப்பிடிக்கும்.

வண்டிக்கு உரிமையாளர் யார் என்றே தெரியவில்லை. எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இடத்துக்குச் சொந்தக்காரர் வேறு, வண்டிக்குச் சொந்தக்காரர் வேறாக இருக்கலாம். கைவிடப்பட்ட வண்டிக்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டனின் 'வி5சி' பதிவுச் சான்றில் இருக்கும் பெயர்கூட வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவருடையதுதான். உரிமைக்கு அது அத்தாட்சி இல்லை என்று அதிலேயே அச்சடித்திருக்கும்.

அந்த மாடல் வண்டிக்காரர்களின் சங்கத்துக்கு அனுப்ப என்னென்ன படம் எடுக்க வேண்டும்?

முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்திலிருந்து நேராக. டேஷ்போர்டு முழுவதும். பானெட் திறந்து எஞ்சினின் இரண்டு பக்கமும், தகடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் அந்த வெற்றிடமும். லூகாஸ் தேதிகள், கண்ணாடி முத்திரை, கார்புரேட்டர் தகடு ஒவ்வொன்றும் கிட்டத்தில். ஃபிளாஷ் போட்டால் அடித்த எண் வெளிறிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எண் தெளிவாகத் தெரியும். முழு வண்டியின் படத்தையும் சேஸிஸ் எண்ணையும் ஒன்றாகப் பொதுவெளியில் போடாதீர்கள், அந்த எண்ணை வேறு தகட்டில் அடித்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.